ஜெனரேட்டர் ஓடுகிற வீடு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண்கள் இருவர் பேசியதை ஒட்டுக்கேட்டேன். 2008ஆம் வருஷம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாத காலம். ஒருத்தி இன்னொருத்தியிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பக்கமும். அதை இப்போதே சொன்னால் மீதியைப் படிக்கமாட்டீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். கடைசியில் சொல்கிறேன்.

2.

தொடக்கம் ஒன்று: ‘பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அந்தி சாயும் வேளையில், மின்சாரம் தன் சிறகுகளை...’

வேண்டாம். மின்சாரத்துக்குச் சிறகு கிடையாது. கதை நடப்பதும் திருமுக்கூடலில் இல்லை.

தொடக்கம் இரண்டு: ‘குடவோலை கண்ட உத்திரமேரூர் மண்ணில்...’

இதுவும் வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்கள் பேனாவைத் திறந்தாலே அந்தக் கல்வெட்டு வந்து விழுந்துவிடும். இந்தக் கதையில் மொத்தமே இரண்டு ஓட்டுதான். புருஷன் ஓட்டு ஒரு பக்கம், பெண்டாட்டி ஓட்டு எதிர்ப்பக்கம்.

தொடக்கம் மூன்று: “ஜெனரேட்டர் என் வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்றார் ஞானதாஸ்.

இது இருக்கட்டும்.

ஞானதாஸ் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் வீடு. (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.) ஒரு காலத்தில் கம்பமும் கம்பியும் ஊரோடு நின்றுவிட்டிருந்தன. காலனிக்கு முதல் லைனை இழுத்துக் கட்டியது இவர் கைதான். அதனால் அவரை யாரும் ஞானதாஸ் என்று கூப்பிடுவதில்லை, கரண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கரண்டுக்காரர் மனைவி பாக்கியமேரிக்கு வீசிங். இழுப்பு வந்தால் மருந்தைப் புகையாக்கித் தருகிற ஒரு சின்ன மிஷினை மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒரு கதையா என்று கேட்டால், அவர்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்க இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

“நானே கரண்டுக்காரன். என் வூட்ல ஜெனரேட்டர் ஓடுனா, டீக்கட வச்சிக்கினு கீறவன் அடுத்த கடையில போயி டீ குடிக்கிற மாரி.”

“குடிச்சா இன்னா? அவன் டீ நல்லால்லன்னா அடுத்த கடையிலதான்யா குடிக்கணும்” என்றாள் மேரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இதைச் சொன்னாள்.

3.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. அடியில் போட்டால் நீங்கள் படிப்பதில்லை என்பதால் இங்கே.)

இன்வெர்ட்டர் வாங்கித் தொலைத்தால் என்ன என்று கேட்கிற வாசகருக்கு: வாங்கினார்கள். சென்னையில் நர்ஸாக இருக்கிற மகள் நதியா வாங்கி அனுப்பினாள். கரண்ட் வந்தால்தானே பேட்டரி ஏறும்? அது மேரிக்கு முன்னால் தானே மூச்சை விட்டுவிட்டு, இப்போது கருவாட்டுப் பானையைப் பூனைக்கு எட்டாமல் வைக்க உதவுகிறது.

நதியா போனில் கேட்டாள்: “நைனா, அம்மாவுக்கு மூச்சு நின்னுபோச்சுன்னா, ஃப்யூஸ் போட்டு மறுபடி எரிய வெப்பியா?”

ஞானதாஸ் போனை மேரியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பயமாக இருந்தது. திரும்பி வந்து, “டிரயல் வேணா பாக்கட்டும். பாத்துட்டு வந்த வண்டியிலயே ஏத்தி அனுப்பிடணும். நான் மட்டும் அதத் தொடமாட்டேன்” என்றார். வீம்பு பாதி இறங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

4.

ஜெனரேட்டரைக் கொண்டுவந்தவர் பாண்டுரங்கன். உத்திரமேரூரில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். பழைய ஜெனரேட்டர்களை விற்பதும் உண்டு. அவர் மினி வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றது. பின்பக்கம் கொட்டகையில் ஜெனரேட்டரை இறக்கி, மெயினுக்கு ஒயர் இழுத்தார்.

“ஒரு பல்பு ஒரு ஃபேன் எல்லாம் இல்ல சார். முழு வூட்டுக்கும். கிரைண்டரே ஓடும்.”

“மிஷினுக்கு மட்டும் போதும்பா” என்றாள் மேரி.

“கிரைண்டர் ஓடும்போது மிஷின் ஓடாதாம்மா?”

சொல்லிவைத்ததுபோல் காலை மின்வெட்டு விழுந்தது. பாண்டுரங்கன் கயிற்றைச் சுண்டி இழுத்தார். கொட்டகை அதிர்ந்தது. உள்ளே ஃபேன் சுற்றியது, மாதா படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு எரிந்தது, யாரும் போடாத டிவி தானாகப் பாடியது. மேரி கட்டிலில் சாய்ந்து மூக்கில் மாஸ்க்கை வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சமனப்பட்டது. “ஓடிக்கினே இருக்கட்டும் சார், நான் ஒரு டீ சாப்ட்டு வந்துடறேன்” என்று பாண்டுரங்கன் கிளம்பினார்.

ஞானதாஸ் கொட்டகையில் கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பிடித்துப்போனதை வெளியே காட்டாத மாமனார் மாதிரி ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அம்முலு வருகிறாள்.

5.

அம்முலு ஞானதாஸின் தங்கை, மேரிக்கு நாத்தனார். நதியா கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று அண்ணியோடு பேச்சை நிறுத்தியவள். இவளை வில்லியாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ‘அம்முலுவின் கண்களில் வன்மம்...’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவள் கண்ணில் அன்று இருந்தது சேறு. நாற்று நட்டுக்கொண்டிருந்தவள்.

வேறு ஊர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடினால் இரண்டே அர்த்தம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தால் கல்யாணம். வாழைமரம் இல்லாமல் ஓடினால் ஐஸ் பெட்டி. கரண்ட் இல்லாத நாளில் செத்தவர் கெடாமல் இருக்க வேண்டுமே. போதாததற்கு, பாண்டுரங்கன் வண்டியின் பின்கதவில் ‘இங்கு ஐஸ் பெட்டி கிடைக்கும்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும்.

வீட்டில் வீசிங்கோடு ஒரு பெண். வாசலில் அந்த வண்டி. கொட்டகையில் ஜெனரேட்டர். வாழைமரம் இல்லை. நீங்களாக இருந்தாலும் மாலை வாங்கியிருப்பீர்கள்.

அம்முலு நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் காலனியே வந்தது. யாரோ ஒருவர் அவசரத்திலும் ஒரு சாமந்தி மாலை கொண்டுவந்திருந்தார். உள்ளே போய்ப் பார்க்கிற பொறுமை அம்முலுவுக்கு இல்லை. வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

கொட்டகைச் சத்தத்தில் ஞானதாஸுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தார், கூட்டம். மானம் போயிற்று என்று நினைத்தார். கரண்டுக்காரன் வீட்டு ஜெனரேட்டரை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது ஊர்! யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் அணைத்துவிட்டது. (தொடமாட்டேன் என்றாரே? அணைப்பதற்குத் தொட்டால் தொட்டதாகக் கணக்கில்லை என்பார், கேட்டால்.)

சத்தம் நின்றதும் அம்முலுவின் குரல் கேட்டது:

“ஊருக்கெல்லாம் வெளக்குப் போட்ட
எங்கண்ணன் வாசலுல
ஒரு மூச்சுக் காத்துக்கு நீ
ஒத்தையில தவிச்சியே!
கம்பத்து மேல ஏறுனாரே
கட்டிலாண்ட குந்துனாரா?
கம்பியெல்லாம் இஸ்துக் கட்டி
கைப்புடிச்சவள வுட்டாரே!”

ஒப்பாரியில் சொல்வதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஞானதாஸ் நின்ற இடத்திலேயே நின்றார். கட்டிலாண்ட குந்துனாரா? இல்லை. மேரி மூச்சுக்குத் தவித்த நேரமெல்லாம் அவர் ஆபீஸுக்கு போன் போட்டு எந்த ஃபீடர், என்ன ஃபால்ட் என்று விசாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

உள்ளே மிஷினும் நின்றிருந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மேரி வாசலுக்கு வந்தாள். மூச்சு விசில் அடித்தது. கூட்டம் பின்வாங்கியது. அம்முலு வாய் திறந்தபடி இருக்க, பாட்டு மட்டும் நின்றது.

“போட்டோவுக்கு... கூப்புடாதது... என் தப்புதான் அம்முலு” என்றாள் மேரி. “அத வுடு. மொதல்ல... அந்த மிஷின... போடச் சொல்லு.”

“அண்ணா! இஸ்து வுடுய்யா அந்தக் கயித்த! பேஜார் பண்ணாத!” அம்முலு போட்ட சத்தத்தில் டீக்கடையில் பாண்டுரங்கன் கிளாஸைக் கீழே வைத்தார்.

ஞானதாஸ் இழுத்தார். பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தார், இருமிவிட்டு நின்றது. “மாதாவே” என்று வாய்விட்டுச் சொல்லி இழுத்ததும் பிடித்துக்கொண்டது. அவர் ஓடிவந்து மேரியைக் கட்டிலில் சாய்த்து, பக்கத்தில் உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது அந்த மாலை. சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. உயிரோடு இருப்பவள் கழுத்திலும் போட முடியாது. கொண்டுவந்தவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டர் மேல் போட்டுவிட்டார்.

அரக்கப்பரக்க ஓடிவந்த பாண்டுரங்கன் மாலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பூஜையே போட்டாச்சா சார்? அப்ப முடிவு பண்ணிட்டீங்க!”

யாரும் மறுக்கவில்லை.

6.

முடிவு ஒன்று: இங்கேயே முடித்துவிடலாம். மாலை போட்ட ஜெனரேட்டர், நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்டிலில். அழகாகத்தான் இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

முடிவு இரண்டு: கரண்ட் போன நேரத்தில் காலனியே செல்போனும் சார்ஜருமாக அவர் வீட்டுக்கு வருகிறது. ஞானதாஸ் மறுபடியும் கரண்டுக்காரர் ஆகிறார், முன்னைவிட மிடுக்காக. இது நடந்தது. ஆனால் முடிவு இது இல்லை.

ஊரில் ஒரு ஏற்பாடு வந்தது. சாவு என்றால் மாதா கோயிலில் துக்க மணி அடிக்கும், வெறும் ஜெனரேட்டர் சத்தத்துக்கு யாரும் ஓடக் கூடாது. நாளடைவில் அந்தச் சத்தம் பழகிவிட்டது. நடவில் குனிந்திருக்கிற பெண்கள் கரண்ட் போனதும் காதைத் தீட்டுவார்கள். தடதடவென்று கேட்டதும், “மேரி மூச்சு வுடுது” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்றை ஊன்றுவார்கள்.

இப்போது அந்த பஸ்.

கேள்வி கேட்டவள் காலில் சேறு காய்ந்திருந்தது. அம்முலு என்று பெயர் வைத்தது நான்தான். ஞானதாஸ், பாண்டுரங்கன், மாலை எல்லாமே அவள் கேள்விக்குப் பின்னால் நான் கட்டிய பந்தல். அவள் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்:

“கரண்ட் போயி எம்மா நேரம் ஆவுதாம். அண்ணி வூட்டு ஜெனரேட்டர் சத்தமே காணோமாம். போன எடுக்கவும் ஆளில்ல. இன்னாடி பண்றது, மாலை வாங்கினு போறதா, டீசல் வாங்கினு போறதா?”

பக்கத்தில் இருந்தவள் என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கேள்வி கேட்டவள் அடித்துப்பிடித்து இறங்கினாள். என் ஜன்னலிலிருந்து பார்த்தவரை அவள் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பூக்கடை. எதிர்ப்பக்கம் பெட்ரோல் பங்க்.

அவள் கையில் டீசல் கேனைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். மேரி நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதை மறைப்பானேன். பிறகு கிழித்துவிட்டேன். அவள் என்னைக் கேட்கவில்லையே.

மேரி வீட்டில் டீசல் தீர்ந்திருக்கலாம். கயிறு அறுந்திருக்கலாம். ஞானதாஸ் பக்கத்துக் கட்டிலில் தூங்கிப்போயிருக்கலாம். துக்க மணி அடித்ததாக யாரும் சொல்லவில்லை, அடிக்கிறவரிடம் சொல்ல இன்னும் ஆள் போகாமலும் இருக்கலாம்.

அம்முலு இன்னும் அங்கேதான் நிற்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். நீங்கள் கொஞ்சம் இறங்கிப் போய், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம். அடுத்த பஸ் வந்துவிடும்.