சத்தத்துக்கு முன்னால் போன விமானம்

மாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி வாக்கில், உளுந்து பிடுங்கி முடிந்த புஞ்சைக்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சொர்ணத்தாய் தலைக்கு மேலே ஒரு விமானத்தைப் பார்த்தாள்.

விமானம் அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய ஊரான நாவக்குறிச்சி, விளாத்திகுளத்திலிருந்து குளத்தூர் போகும் பக்கம் இருந்தது. தூத்துக்குடிக்குப் போகிற விமானம் அந்த வழியாக உறுமிக்கொண்டு போனால் ஆடுகள்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. இது வேறு. கறுப்பாக, மூன்று மூலையோடு இருந்தது. இறக்கையும் இல்லை, வாலும் இல்லை. தெற்கே புள்ளியாகத் தெரிந்தது, அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பதற்குள் வடக்கே போய்விட்டது. துளி சத்தம் கிடையாது. பின்னால் வந்த புகை கோடாக இல்லாமல், பூச்சரம் தொடுத்த மாதிரி முடிச்சு முடிச்சாக நின்றது.

இது என்ன கூத்து என்று அவள் நினைத்து முடிக்கும்போதுதான் சத்தம் வந்தது. ஒரே ஒரு 'டமார்'. முப்பத்திரண்டு ஆடுகளும் முப்பத்திரண்டு திசையில் ஓடின. அவற்றை உடைமரத்துக்கு அடியிலும் காற்றாலைக்குப் பின்னாலும் தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது அடைந்துவிட்டது.

வீட்டில் புருஷன் பிச்சையாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"சத்தம் எங்களுக்குந்தான் கேட்டுது. குவாரியில வேட்டுப் போட்டிருப்பான்."

"குவாரி வேட்டுன்னா தரையிலேர்ந்துல்லா வரும்? இது மேலேர்ந்து வந்துச்சு. நான் பிளேன கண்ணால பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

சொர்ணத்தாய் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் ஒரே ஒரு சாமான்தான் மனதில் வந்தது. "சமோசா மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலையில் டீக்கடையில் பிச்சையா அதைச் சொல்லிச் சிரிக்க, மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆடு ஓட்டிக்கொண்டு போனால், "என்ன மயினி, இன்னைக்கு வடை ஏதும் பறந்துச்சா?" என்று கேட்டார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஐம்பது வயதுக்குள் அவள் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை. அதைவிட, அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்துவிட்டு அதை ஒருத்தருக்கும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லையே என்பதுதான் அவளைக் குடைந்தது.

காற்றாலையில் காவல் வேலை பார்க்கும் மணிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு நாள் முழுக்கக் காற்றையும் கைபேசியையும் பார்ப்பதுதான் வேலை. ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான்.

"இதா பாருங்க அத்த. இதுதான?"

"இதேதாம்லே!"

"இது ரகசிய விமானம். எந்த நாட்டுக்காரனும் எங்களுதுன்னு ஒத்துக்கிட மாட்டான். சத்தத்தவிட வேகமாப் போவுமாம். அதனாலதான் அது போன பொறவு சத்தம் வருது."

"யாரு ஓட்டுதா?"

"அதான் ரகசியம்."

"இம்புட்டு அவசரமா எங்க போறாவ?"

"அதுவும் ரகசியந்தான் அத்த."

சொர்ணத்தாய்க்கு அது போதுமாக இருந்தது. ஓட்டினவனுக்குக்கூடத் தெரியாது, தன்னை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்று. அன்று முழுக்க அந்த நினைப்போடு சந்தோஷமாக ஆடு மேய்த்தாள்.

புதன்கிழமை அவள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காண்ட்ராக்டர் கண்ணபிரான் கடலைமிட்டாய்ப் பெட்டியோடு இறங்கினார். நாவக்குறிச்சிக்குப் புது ரேஷன் கடை கட்டிக் கொடுத்தவர் அவர்தான். பொங்கலுக்கு முந்தி அவசரமாகத் திறந்த கடை. இப்போது அதன் வடக்குச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து நின்றது. ஊரார் புகார் கொடுத்து, வெள்ளிக்கிழமை இன்ஜினியர் பார்வையிட வருவதாக இருந்தது.

"சொர்ணக்கா, நீங்க பாத்தது சத்தியமான நெசம்" என்றார் கண்ணபிரான். "ஒரு பிளேனு அப்படிப் போனா பூமியே அதிரும். சுவரு எம்மாத்திரம்? வெள்ளிக்கிழமை மேடம் வருவாவ. நீங்க பாத்ததப் பாத்தபடி சொல்லணும்."

"அதுக்கென்ன, சொல்லுதேன்."

முதல் முதலாக ஒரு பெரிய மனிதர், காரில் வந்து, அவளை நம்பியிருக்கிறார். அவர் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. சிரித்தவர்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் யோசித்திருக்க வேண்டும். சுவருக்கு விமானம் காரணம் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டால், மற்றதற்கும் ஒத்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? வியாழக்கிழமை விடிந்ததும் மனு எழுத ஆரம்பித்தார்கள். கொம்பையாவின் கோழிகள் விமானச் சத்தத்தில் முட்டையை நிறுத்திவிட்டன. வள்ளிமயில் வீட்டு மிக்ஸி ஓடவில்லை. ஒரு வீட்டில் நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றுபோனதற்கும் அந்த அதிர்ச்சிதான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, "நாளைக்கு நம்ம விசயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிருங்க மயினி" என்றார்கள். பிச்சையாவும் ஒரு மனு வைத்திருந்தார். தன் பைக்கின் முன்பக்கம் நசுங்கியதற்கு.

தான் ஒருத்தி பார்த்த விமானத்தில் ஊரே ஏறிக்கொண்டதே என்று நினைத்தாள் சொர்ணத்தாய்.

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியர் உமாதேவி ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ரேஷன் கடை முன்னால் கூடியிருந்த கூட்டத்தையும் கையில் திணிக்கப்பட்ட மனுக்கட்டையும் பார்த்துவிட்டு, சுவரைச் சுற்றி வந்தாள். கண்ணபிரான் கூடவே வந்தார்.

"அதிவேக விமானத்தோட அதிர்வு, மேடம். கண்ணால பாத்த சாட்சி நிக்குதாவ."

உமாதேவி சொர்ணத்தாயிடம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களாம்மா?"

சொர்ணத்தாய் இரண்டு கைகளையும் விரித்து, கறுப்பு, மூன்று மூலை, முடிச்சுப் புகை, பிறகு வந்த சத்தம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சமோசாவை மட்டும் விட்டுவிட்டாள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அந்தச் சத்தத்துலதான சுவரு வெடிச்சுது? சொல்லுங்க அக்கா" என்றார் கண்ணபிரான்.

"இல்லையே" என்றாள் சொர்ணத்தாய்.

கண்ணபிரானுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ, சிரித்தபடியே நின்றார்.

"இந்த வெடிப்பு பொங்கலுக்கே இருந்துச்சே, மேடம். பொங்கல் சாமான் வாங்க வரிசையில நிக்கையில, பன்னருவாள கையில வச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கதுன்னு இதுக்குள்ளதான் சொருகி வச்சேன்." இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து வெடிப்பில் நுழைத்தாள். பிடி மட்டும் வெளியே நின்றது. "அன்னைக்கு முக்காவாசிதான் போச்சு. இப்ப முழுசாப் போவுது."

உமாதேவி அரிவாளை வெளியே இழுத்து அவளிடம் கொடுத்தாள். பிறகு சுவர் ஓரமாகத் தோண்டச் சொன்னாள். முழங்கால் ஆழம் தோண்டுவதற்குள் அஸ்திவாரம் முடிந்துவிட்டது. கீழே மணலும் இல்லை, சரளையும் இல்லை. மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் கரிசல் மண் அப்படியே இருந்தது.

அஸ்திவாரக் குழியை அந்தப் பக்கத்தில் வானம் என்றுதான் சொல்வார்கள். குழியை எட்டிப் பார்த்த பிச்சையாவுக்கு வாய் நிற்கவில்லை. "கீழ வானத்த ஒழுங்காத் தோண்டாம, மேல வானத்துல போனவன் மேல பழியப் போடுதாரே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணபிரானுக்கு முகம் சிவந்தது.

"இந்தப் பொம்பள பேச்செல்லாம் நம்பாதீங்க மேடம். பிளேனு கிளேனுன்னு ஊரெல்லாம் உளறிக்கிட்டுத் திரியுதா!"

"இப்பதான சார் நம்பச் சொன்னீங்க?" என்றாள் உமாதேவி.

பிறகு அவள் மனுக்கட்டைப் பிரித்தாள். சாட்சி பக்கத்திலேயே இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

"கோழி?"

"அதுவ தீவாளிக்கே முட்டைய நிறுத்திருச்சு, மேடம். எல்லாம் கிழட்டுக் கோழி."

"கல்யாணம்?"

"மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒண்ணு ஆயிருக்கு."

"இந்த பைக்?"

சொர்ணத்தாய் புருஷனைப் பார்த்தாள். பிச்சையா தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"பாலத்துல கொண்டு முட்டுனாவ, மேடம். போன்ல பேசிக்கிட்டே போயிருக்காவ."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. "பிளேனாம் பிளேனு, சமோசா" என்று முணுமுணுத்துக்கொண்டு கூட்டம் கலைந்தது. கொம்பையா அவளைத் தாண்டிப் போகும்போது காறித் துப்பிவிட்டுப் போனார். சுவரை இடித்து, வானத்தை மறுபடி ஆழமாகத் தோண்டிக் கட்டித் தர வேண்டும் என்று கண்ணபிரானிடம் எழுதி வாங்கிக்கொண்டாள் உமாதேவி. அவர் காரில் ஏறி, கதவை மூன்று தடவை அறைந்து சாத்தினார்.

பிச்சையாவும் போய்விட்டார். சொர்ணத்தாய் மட்டும் நின்றாள். உமாதேவி ஸ்கூட்டர் மேல் பேப்பரை வைத்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னயப் பத்தி என்ன எழுதுதீங்க?"

உமாதேவி வாசித்தாள். "'பன்னிரண்டாம் எண் வீட்டுச் சொர்ணத்தாய் என்பவர், சனிக்கிழமை மாலை விமானம் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். சுவர் விரிசலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.'"

"ரெண்டாவது சரி" என்றாள் சொர்ணத்தாய். "முத வரிய மாத்துங்க. பாத்ததா சொன்னாருன்னு வேண்டாம். பாத்தாருன்னு போடுங்க."

"அப்படி எழுதினா ஆபீஸ்ல என்னய விரட்டிருவாங்கம்மா."

"சுவரு விசயத்துல நான் சொன்னத நம்புனீங்கள்லா? அதே வாயிதான இதையுஞ் சொல்லுது?"

உமாதேவி பேனாவை மூடினாள். திறந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு, மேலே சின்னதாக 'பார்த்தார்' என்று எழுதினாள்.

"எங்க, இன்னொரு தடவ வாசிங்க" என்றாள் சொர்ணத்தாய்.