தள்ளிவிட்ட மைலேஜ்

சிக்னலில் வண்டி நின்றால் இன்ஜினும் தானாக அணைய வேண்டும். கிளட்ச்சை மிதித்ததும் உயிர் வர வேண்டும். வீண் புகை இல்லை, வீண் பெட்ரோலும் இல்லை. இதற்காக அவள் இன்ஜின் ஆய்வுக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்திருந்தாள். நிஜத் தெருவில் ஓட்டிய கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியை மறந்துவிடு என்று மேலாளர் சொல்லிவிட்டார். டாக்சி ஓட்டும் கணவன் வீட்டிலேயே இருக்கும்போது வேறு வண்டிக்கு எங்கே போவது? அவன் காரிலேயே மாட்டினாள்.

டேங்க் தீர்ந்ததும் மைலேஜைக் கணக்குப் போட்டாள். கனவில்கூட வராத பெரிய எண். சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. காரைச் சுற்றி வந்தாள். டிக்கியின் தூசியில் பெரிதும் சிறிதுமாக உள்ளங்கைத் தடங்கள்.

"இதெல்லாம் யாரு கை?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். பிறகு மென்று விழுங்கிச் சொன்னான். சிக்னலில் இன்ஜின் அணைந்ததும், வண்டி ரிப்பேர் என்று நினைத்துப் பின்சீட்டில் உச்சுக்கொட்டுகிறார்களாம். விளக்கம் சொல்ல அவனுக்குக் கூச்சமாம். நல்ல மனசுக்காரர்கள், பச்சை விழுந்ததும் இறங்கித் தள்ளுகிறார்கள். இவன் நியூட்ரலில் போட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வானாம். தெருக்கோடியில் கிளட்ச்சை மிதித்து, தள்ளியதால்தான் ஸ்டார்ட் ஆனது என்று ஒரு கும்பிடும் போட்டுவிடுவானாம்.

"அப்போ பாதி தூரம் பெட்ரோல்ல ஓடல, பேசஞ்சர்ல ஓடியிருக்கு."

அவன் துணியை எடுத்து டிக்கியைத் துடைக்கப் போனான்.

மறுபடி டேங்கை நிரப்பினார்கள். இந்த முறை முன்சீட்டில் அவளும் ஏறிக்கொண்டாள். உண்மையை நீதான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

முதல் சவாரி, பருமனான துணிக்கடைக்காரர். சிக்னலில் இன்ஜின் அடங்கியது. அவர் பெருமூச்சுவிட்டு, சட்டைக் கையை மடித்து, கதவில் கை வைத்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கணவன் இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.

"இறங்காதீங்கண்ணே. வண்டி ரிப்பேர் இல்ல. என் பொண்டாட்டிதான் நிறுத்தி வெச்சிருக்கா. அவ போகச் சொன்னா போகும்."

கடைக்காரர் முன்சீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க வீட்லயும் இதே ஏற்பாடுதாம்பா" என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

பச்சை விழுந்தது. அவன் கிளட்ச்சை மிதிக்காமல் அவளையே பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் கார் கிளம்பியது.

இந்த டேங்குக்கு வந்த எண் சின்னதுதான், ஆனால் சுத்தமானது. பழைய மைலேஜைவிட நிச்சயமாகக் கூடுதல். மேலாளர் தன் காருக்கும் ஒரு பெட்டி கேட்டார். மாட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றார்.