பதினேழு வரிசைக் கேள்விக்குறிகள்

1

“நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போனீங்களே விஜி அண்ணே, அது என்னா கேக்குதுன்னு ஒரு வாட்டியாவது வாசிச்சீங்களா?”

“எல்லாரும் அப்பிடித்தான் தங்கச்சி போடுவாங்க. இருவது எடத்துல போட்டுக் குடுத்திருக்கேன்.”

“அந்த இருவது எடத்துலயும் தமிழ்ல பேரு இருந்திச்சா?”

இந்தக் கதை இந்த மூன்று வரிகளில் பிறந்தது. பூண்டுலோயாவில் போட்டோகொப்பிக் கடையில் நின்றிருந்தேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்ட வீடமைப்புச் சங்கத்தின் அலுவலகம். கேட்டவள் நிஷாந்தி, அங்கே தட்டச்சு செய்பவள். பதில் சொன்னவர் விஜிதரன், அட்டனிலிருந்து கொம்பியூட்டர் திருத்த வந்தவர். மீதியை நிஷாந்தியிடமே பிறகு கேட்டேன். அவள் சொல்லாததை நானே இட்டுக்கட்டினேன்.

முதலில் எழுதியது: ‘அன்று காலை பனி இறங்கி, லயத்து ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக…’

(அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களில் பெயர்கள் ஆவியாகிப் போகும். படித்துவிட்டு நாள்கணக்கில் கனவில் கிடந்திருக்கிறேன். இங்கே ஒரு மனிதர் வாசிக்காமல் பொத்தானை அழுத்தினார். அதற்குப் பனியைக் கூப்பிடுவது அயோக்கியத்தனம்.)

2

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டக் காணித்துண்டு கேட்டு இருநூற்றுப் பதினான்கு குடும்பங்கள் படிவம் கொடுத்திருந்தன. இரண்டு மாதமாக நிஷாந்தி எல்லாவற்றையும் தமிழில் கொம்பியூட்டரில் ஏற்றினாள். பழைய இயந்திரம் படுத்துவிட்டது. விஜிதரன் புதிய இயந்திரத்தில் தரவுத்தள மென்பொருளை நிறுவினார். எந்த மொழி எழுத்துகளைச் சேமிக்க வேண்டும் என்று அது நடுவில் ஒரு கேள்வி கேட்கும். அவர் அதைத் தாண்டிப் போனார். அது ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டது. பழைய பட்டியலை உள்ளே கொட்டியதும், தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டது.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் எண், அதில் அவரவர் இருக்கும் அறையான காம்பராவின் எண், தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டின் செக்ரோல் நம்பர் எல்லாம் பத்திரமாக இருந்தன. பெயர் இருந்த இடத்தில் மட்டும் ?????????.

விஜிதரன் எழுத்துரு ஏற்றிப் பார்த்தார். யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி நிறுவினார், மூன்று தடவை.*

“பழைய டிஸ்க் எங்கண்ணே?”

“புதுசா இருக்கட்டும்னு… எல்லாத்தையும் அழிச்சுக் கழுவிட்டேன்.”

“நல்லாக் கழுவுனீங்க. இந்தாங்க, எங் கையையும் கழுவி விட்டுட்டுப் போங்க.”

* கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயமில்லை. எழுத்து உள்ளே இருக்கிறது, காட்டத்தான் தெரியவில்லை. கேள்விக்குறியே சேமிக்கப்பட்டுவிட்டால் உள்ளே தோண்ட ஒன்றுமில்லை. இதை நிஷாந்தி எனக்குச் சொன்னபோது மேசையைக் குத்தினாள்.

3

காகிதப் படிவங்கள்? சங்கச் செயலாளர் செல்லசாமி அவற்றை மூட்டையாகக் கட்டி பேக்கரிக்குக் கொடுத்திருந்தார். “அதான் கொம்பியூட்டர்ல ஏத்தியாச்சே.” டவுனில் பணிஸ் வாங்கியவர்கள் யாருடைய கையெழுத்திலோ சுற்றிக்கொண்டு போனார்கள்.

பட்டியல் அன்று நாலு மணிக்குள் நுவரெலியாவில் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். செல்லசாமி பதறவில்லை.

“தோட்டத்து ஆளுகளுக்கு நம்பர் இருக்குல்ல? தொரை ஆபீஸ்ல சம்பளப் பட்டியல வாங்கு, நம்பரப் பாத்துப் பேர எழுது. இதுக்கா இந்தக் கத்து கத்துற?”

நிஷாந்தி ஓடினாள், வாங்கினாள், எழுதினாள். அவள் அப்பாவை முப்பது வருடம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்த நம்பரைக் கொண்டே பெயரைத் தேடுகிறோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நூற்றுத் தொண்ணூற்றேழு பெயர்கள் திரும்பி வந்தன.

பதினேழு வரவில்லை. செக்ரோல் நம்பர் என்ற இடமே அவற்றில் வெற்று. அவர்கள் தோட்டத்தில் பேர் பதியாதவர்கள், அல்லது பேர் வெட்டப்பட்டவர்கள்.

4

பதினேழு பேரில் ஒருத்தியையாவது நீங்கள் பார்க்க வேண்டும். நாகலெட்சுமி. ஏழாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா. ஒரே காம்பராவில் அண்ணன் குடும்பமும் அவளும் இரண்டு பிள்ளைகளும். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மூன்று வருடத்தில் தோட்டத்தில் பேரை வெட்டிவிட்டார்கள். அண்ணனுக்குக் காணி கிடைத்தால் அவன் போய்விடுவான். காம்பராவைத் தோட்டம் பூட்டிக்கொள்ளும்.

இவளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அழவைத்தேன். நிஷாந்தி வாசித்துவிட்டுச் சிரித்தாள்: “நாகு அக்காவா? அழுவுறதா? கங்காணி தராசுல கைய வச்சப்ப கொழுந்துக் கூடைய அவர் தலையிலயே கவுத்தவங்க.” ஆக, அழுகையை எடுத்துவிட்டேன். (அழுதிருந்தால் நீங்கள் இரக்கப்பட்டு முடித்திருப்பீர்கள். உங்கள் இரக்கம் இங்கே யாருக்கும்…)

அன்று நிஷாந்தி செல்லசாமியிடம் கேட்டுப் பார்த்தாள்: “நாகு அக்கா பேர எனக்குத் தெரியும் ஐயா. போட்டுர்றேன்.”

“படிவம் எங்க?”

“நீங்கதான பேக்கரிக்குக் குடுத்தீங்க!”

“அது வேற. கையெழுத்து இல்லாம பேரு சேத்தா நாளைக்கு எவன் பதில் சொல்றது? மத்தவுங்களுக்குச் சம்பளப் பட்டியல் சாச்சி இருக்கு. பதினேழுதான? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்.”

“அடுத்த வாட்டி எப்ப?”

விஜிதரன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செல்லசாமி பிளேன்டீ குடித்தார்.

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் நிஷாந்தி பதினேழு வரிசைகளையும் நீக்கிவிட்டுப் பட்டியலை அனுப்புகிறாள். மாதம் முடிந்த பிறகும் அவள் வேலை நிலைக்கிறது. இன்னொன்றில், செல்லசாமி வெளியே போன நேரம் பார்த்து, தெரிந்த பெயர்களைத் தட்டச்சு செய்கிறாள். பிடிபட்டால் அவள்தான் மோசடிக்காரி, படிவத்தைப் பணிஸ் சுற்றக் கொடுத்தவர் யோக்கியர். எதற்கு அவளை இந்த இரண்டுக்குள் அடைக்க வேண்டும் என்று கோபத்தில் இரண்டையும் கிழித்தேன். மூன்றாவதை உங்களிடம் விடுகிறேன். கோபமில்லாமல் எழுதாதீர்கள்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மணி மூன்றே முக்கால். செல்லசாமி போனில் பேச வெளியே போயிருக்கிறார். திரையில் கேள்விக்குறிகள். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு நாகலெட்சுமி உள்ளே வருகிறாள். பட்டியல் இன்று போகிறதென்று லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் சுற்றி வந்து, நிஷாந்தியின் தோளில் கைவைத்துக் குனிகிறாள்.

“ஏம்புள்ள, எம்பேரு எதுல இருக்கு? ஒருக்கா வாசிச்சுக் காட்டேன்.”