பாதி உருட்டிய கம்பளி

வெந்நீரில் நனைந்த கருப்பு ஆட்டு மயிர் பாய்க்குள் சுருண்டு கிடந்தது. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, முற்றத்துச் சிமெண்டுத் தரையில் உச்சிமாகாளி அதைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள். தறியும் கிடையாது, ஊசியும் கிடையாது. சோப்பும் சூடும் மிதியும் சேர்ந்து மயிரை மயிரோடு பின்னி ஒரே தடிப்பாக்கிவிடும். குதிரைச் சேணத்துக்கு அடியில் விரிக்கிற கம்பளி அது.

போன மாதம் இப்படி ஒன்றை உருட்டும்போது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ அனுப்பவேண்டும் என்று போலீஸ் வேலையில் இருக்கும் அண்ணன் தளவாய் கூப்பிட்டான். பாதியில் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து, ஆறிப்போனதை ஒப்பேற்றிக் கொடுத்தாள். குற்றாலத்தில் குதிரை வைத்திருக்கும் முகம்மது ஆசிக் அதை விரித்த நாலாம் நாள் அடுக்குப் பிரிந்து சுருண்டது. குதிரையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவன் திட்டவில்லை. குதிரையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான், அவ்வளவுதான். இப்போது புண் ஆறிவிட்டது. நாளைக்கு இந்தப் புதுக் கம்பளியோடு மறுபடி சேணம் ஏறும்.

“ஏட்டி, அத விடு. கார் ஆலங்குளம் தாண்டி அரை மணி நேரமாச்சாம்.” தளவாய் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

“ஆறு மணிக்கு மேலதான வருதாவன்னு சொன்ன?”

“ராகுகாலத்துக்கு முன்னாலயே பொண்ணப் பாத்திரணும்னு கெளம்பிட்டாவ. போய்க் குளி. ஆட்டுக்கிடை மாதிரி நாறுது.”

“இன்னும் எரநூறு உருட்டு இருக்கு.”

“முப்பத்திரண்டு வயசாச்சு. இதையும் விட்டா ஒன்னயக் குதிரைதான் கட்டும்.”

“அது ராகுகாலம் பாக்காதுல்லா.”

கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

“எம்மா, இங்கன வந்து ஒரு நிமிசம் நில்லு. நாலரைக்கு அஞ்சு நிமிசந்தான் கெடக்கு.”

உச்சிமாகாளி கைகூப்பினாள். கால் நிற்கவில்லை. “உள்ள போய் இருங்க அத்தை. இது ஆறுனா கெட்டுரும். பாக்கணும்னா இப்படியே பாத்துக்கிடுங்க.”

தளவாய் அவள் முழங்கையைப் பிடித்தான். போலீஸ்காரன் பிடி.

“கைய எடுண்ணே.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அவன் எடுத்துவிட்டான். வந்தவர்கள் முற்றத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்தான்.

அவள் பாய்மேல் இன்னொரு செம்பு வெந்நீரை ஊற்றி மிதித்தாள். கறுத்த சோப்புத் தண்ணீர் நுரைத்து ஓடிச் செருப்பு வரிசையைத் தொட்டது. அவன் சட்டென்று தன் அம்மாவின் செருப்புகளை மட்டும் தூக்கிக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒரு கயிறு அவிழ்ந்த ஷூவோடு நின்று, உருண்டுகொண்டிருந்த அந்தப் பாயைப் பார்த்தான்.