ஜிப் மூடியாச்சா?

இப்படிப்பட்ட ஆட்களை முக்குளிப்புப் படகின் கேப்டன் இங்கா ட்ரெவர், அவர்கள் ஏறும்போதே எடைபோட்டுவிடுவாள். லண்டனிலிருந்து வந்த க்ரிஸ்பினுக்கு வாயைத் திறந்தால் தற்பெருமைதான். நாற்பது நாட்டுக் கடலில் குதித்தவனாம். ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா கடலைக் குளம் என்றான், அவள் படகைத் தகரப்பெட்டி என்றான், அவள் உதவியாள் எர்லண்ட் சுட்டுவந்த ஓட்ஸ் ரொட்டியை நாய் பிஸ்கட் என்றான். சொல்லிக்கொண்டே நான்கு தின்றான்.

கீழே முப்பத்தாறு மீட்டரில் ஜெர்மன் போர்க்கப்பல் கவிழ்ந்து கிடந்தது. நூறு வருடங்களுக்கு முன், எதிரி கைக்குப் போகக்கூடாதென்று அதன் மாலுமிகளே மூழ்கடித்தது. அதைப் பார்க்கத்தான் துரைக்கு இத்தனை அலட்டல்.

நீர் புகாத உடைக்கு ஜிப் முதுகில், தோளுக்குத் தோள் ஓடும். போட்டவனுக்கே கண்ணில் படாது. அதனால் அவள் படகில் ஒரு வழக்கம்: இன்னொருவர் தொட்டுப் பார்த்து "மூடியாச்சு" என்று சொல்லாமல் யாரும் விளிம்புக்குப் போகக்கூடாது. பதினோரு வருடமாக அது தவறியதில்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆனதுமில்லை.

"திரும்புங்க, ஜிப்பைப் பாக்கணும்."

"நீ படகை ஓட்டும்மா. எனக்கு ஆயா வேலை பாக்க வேணாம்."

சொல்லிவிட்டு விளிம்புக்கு நடந்தான். அப்போதுதான் கண்டாள். வலது தோளருகே ஜிப் நான்கு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. தண்ணீர் எட்டு டிகிரி. உள்ளே புகுந்தால் ஆளையே அமுக்கிவிடும். ஒரு சொல் போதும். போய்த் தொலை, அனுபவி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

குதித்தான். தலை வெளியே வந்ததும் அவன் அலறிய அலறலில் நாற்பது நாட்டு மானமும் கப்பலேறியது. இரண்டாவது அலறல் வரவில்லை. வாய்க்குள் தண்ணீர் போயிருந்தது. எர்லண்ட் கொக்கிக் கழியை அவன் தோள்வாரில் மாட்ட, இருவரும் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள்.

போர்வைக்குள் பல் தந்தியடிக்க, நீல உதட்டோடு கத்தினான்.

"ஓட்டை உடை! வித்தவனை விடமாட்டேன்! ஜிப்பெல்லாம் சரியாத்தான் போட்டேன்!"

எர்லண்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் காதருகே குனிந்தான்.

"உடையில பழுதுன்னே எழுதிரு, இங்கா. அவனே சொல்றான், நமக்கென்ன வந்துச்சு?"

படகின் குறிப்பேட்டை எடுத்தாள். விபத்துப் பக்கம் அதுவரை வெறுமையாக இருந்தது. க்ரிஸ்பினைப் பார்த்தாள். வடிகட்டின முட்டாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் தெரியாமல் குதித்தான்.

"ஜிப் திறந்திருந்தது," என்று எழுதினாள். "கேப்டன் பார்த்தாள். சொல்லவில்லை."