இரண்டு லிட்டர் பாலும் ஓர் அக்காவும்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எங்கக்கா வர்றாங்க சார். நானே பால்கோவா பண்ணப் போறேன்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் அளந்து விடுவது.

2

முதல் தொடக்கம்: பால் பொங்கியது, கூடவே அவன் நெஞ்சும்...

(வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: மெக்கானிக்கும் அவனுடைய அக்காவும் பேசி மூன்று வருடங்கள் ஆகின்றன. அக்கா மகளின் கல்யாணத்தன்று அவன் பந்தியில் உட்காரப் போன நேரம், எங்கோ ஒரு லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். "எம் பொண்ணு கல்யாணத்துல கை நனைக்காமப் போனவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அவளே போன வாரம் அவன் மனைவிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்றாள். (ஏன் மனசு மாறினாள்? எனக்குத் தெரியாது. அக்காக்கள் காரணம் சொல்வதில்லை.)

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

3

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. அன்றைய அழைப்புகளை எல்லாம் கூட வேலை செய்பவர் தலையில் கட்டிவிட்டு, மெக்கானிக் தன்னந்தனியாக அடுப்படியில் நின்றான். அடிகனமான வாணலி, இரண்டு லிட்டர் பால். கரண்டி அடியைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டி உள்ளே தள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்கக் கிண்டினான். பால் சுண்டித் திரண்டு வந்தது. இன்றைக்குத் தான் செய்ததில் அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சர்க்கரையைக் கொட்டினான். திரண்டதெல்லாம் இளகி நீர்த்துப்போனது. கெட்டுப்போச்சு என்று வாணலியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தான். அழைப்புமணி அடித்தது.

முற்றும்.

4

இந்த முடிவில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. சூட்டோடு சூடாக என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"கெட்டுப்போச்சுன்னு யாருங்க சொன்னா?"

"இளகிடுச்சே!"

"சர்க்கரை போட்டா இளகத்தான் செய்யும். இன்னும் கால் மணி நேரம் கிண்டினா இறுகிடும். உங்களுக்குச் சமையல் தெரியலங்கறதுக்காக அந்த மனுஷன் ரெண்டு லிட்டர் பாலைக் கொட்டணுமா?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. இருபத்தாறு வருடங்களாக இவள் கையால் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒருநாள்கூட வாணலிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"அவனுக்கும் தெரியாதே. யார் சொல்லித் தருவா?" என்றேன்.

"அதான் ஒருத்தி வாசல்ல நிக்கறாளே. கதவைத் திறந்து விடுங்க."

5

திறந்துவிட்டேன். (வாணலி அடுப்பிலேயே இருக்கிறது. கவிழ்த்த வரியை நீங்கள் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.)

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். வாணலியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"கெட்டுப்போச்சுக்கா" என்றான்.

"ஒண்ணும் கெடல. கைய நிறுத்தாமக் கிண்டுடா."

"நேரமாகுமேக்கா."

"ஆகட்டும். சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவி பட்டதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேரன் செய்கிற அட்டகாசங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் சிரித்துக்கொண்டே கிண்டினான்.

6

என் மனைவி சொன்ன கால் மணி நேரம் முடியப் போகிறது. பதம் பார்க்கும் தகுதி எனக்கில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆகவே அடுப்பை நீங்களே அணைத்துவிடுங்கள்.

ஆனால் கொஞ்சம் பொறுத்து. "அன்னைக்கு என்னதான்டா ஆச்சு?" என்று அக்கா இப்போதுதான் கேட்டிருக்கிறாள்.