கட்டைவிரல் அகலப் பெயின்ட்

தையல் ஆலையில் அவளுக்கு மெஷின் பழுது பார்க்கும் வேலை. நூற்றிருபது மெஷின்களில் எது முனகினாலும், "மெஷின்காரம்மாவைக் கூப்பிடு!" என்றுதான் முதல் குரல் எழும். வீட்டில் மட்டும் அந்தப் பெயருக்கு மவுசு கிடையாது. அங்கே மெக்கானிக் என்றால் அவளுடைய மூத்தார்தான், அதாவது கணவனின் அண்ணன். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். ஸ்பேனரைத் தொட்டுப் பத்து வருஷம் ஆகிறது, வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

கணவன் பிக்கப் வண்டியில் கண்ணாடி ஏற்றுபவன். போன வாரம் ஒரு புதுக் கட்டடத்தில், தரைக்குக் கீழே இருக்கும் அடித்தளத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டான். ஆளுயரக் கண்ணாடிகள் மூன்று நொறுங்கின. பட்டப்பகலிலும் அங்கே கும்மிருட்டு. வண்டியின் ரிவர்ஸ் லைட்டோ மின்மினிப்பூச்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி. பின்னால் நின்று "வா, வா, வரலாம்" என்று கையாட்டியவர் மூத்தார்தான். அவர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், தூண் வலப்பக்கம் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் கத்தவில்லை. "இன்னொரு தடவை இடிச்சா நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்றதோடு முடித்துக்கொண்டார்.

அடுத்த லோடு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, அதே அடித்தளத்துக்கு. எலக்ட்ரீஷியனோ புதன்கிழமைதான் வர முடியும் என்றார்.

"லைட்ட வாங்கிட்டு வாங்க. நானே மாட்டறேன்" என்றாள் அவள்.

ஞாயிறு காலை மூத்தார் வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது தையல் மெஷின் இல்லம்மா. வயர மாத்திக் குடுத்தா வண்டியே எரிஞ்சு போகும்."

"அதுக்குத்தான் மாமா ஃபியூஸ் போடறேன்."

கணவன் அண்ணனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் ஒன்றை இழுத்தாள். நடுவே ஒரு ரிலே, கரன்ட் பட்டால் தானாக இயங்கும் சுவிட்ச். பழைய ரிவர்ஸ் லைட்டின் வயர் அந்த ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், பாரத்தைப் புது வயர் சுமந்துகொள்ளும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சாண் இடைவெளி விட்டு வயரைக் கட்டினாள். தையல் போட்டதுபோல் நேராக ஓடியது வயர். கடைசியாக இரண்டு லைட்டின் எர்த் வயரையும் பின்சட்டத்தில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து முறுக்கினாள்.

"ரிவர்ஸ் போடுங்க!"

கணவன் போட்டான். புது லைட்டுகள் இரண்டும் தூக்கக் கலக்கத்தில் கண் திறந்ததுபோல் மங்கலாகச் சிவந்து நின்றன. பழைய மின்மினியே தேவலை.

மூத்தார் தொடையில் தட்டிச் சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல!"

அவளுக்குக் காது மடல் சுட்டது. மணி பன்னிரண்டு. ஆனால் ஆலையில் இருபது தையல்காரிகள் தலைமேல் நிற்கும்போது வேலை பார்த்துப் பழகியவள் அவள். பாட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு நீள வயரை எடுத்து வந்து லைட்டின் எர்த்தில் தொட்டுப் பார்த்தாள். லைட் பளீரென்று எரிந்தது. எடுத்தாள், மறுபடி மங்கியது. ஆக, கரன்ட் ஒழுங்காகத்தான் வருகிறது. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

தப்பு தன்னுடையது என்று அப்போது புரிந்தது. போல்ட்டுக்கு அடியில் இருந்தது இரும்பு இல்லை, கரன்ட்டை விடாத பெயின்ட். போன மாதம் கணவன் தன் கையாலேயே மூன்று கோட் அடித்த நீலப் பெயின்ட். துணியில் ஒரு கீறல், ஒரு எண்ணெய்ப் பொட்டு படாமல் வேலை பார்க்கும் ஆலைப் பழக்கத்தில், அதையும் கீறாமல் பூப்போல வயரை வைத்திருந்தாள்.

"ஏங்க, பெயின்ட்டச் சுரண்டணும். கட்டைவிரல் அகலம்."

கணவன் முகம் சுருங்கியது. அந்த வண்டியில் ஈ உட்கார்ந்தாலும் துண்டை எடுப்பவன் அவன்.

"சுரண்ட விடாதடா, துரு ஏறிடும்" என்றார் மூத்தார்.

கணவன் எழுந்து உள்ளே போனான். உப்புத்தாளோடு வந்தான். "நீ தள்ளும்மா, நானே தேய்க்கறேன். அண்ணே, மேல கிரீஸ் தடவிட்டா துரு எப்படி ஏறும்?" அண்ணனை அவன் எதிர்த்துப் பேசி அவள் கேட்டதில்லை. இரும்பு வெள்ளியாக மின்னும்வரை தேய்த்தான். அவள் வயரை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினாள். இந்தத் தடவை ரிவர்ஸ் போட்டதும், நாற்காலியில் இருந்தவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அடித்தளம். வண்டியில் ஆறு ஆளுயரக் கண்ணாடிகள், கணவனுக்குப் பக்கத்து சீட்டில் அவள். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூத்தார் வழக்கம்போலப் பின்னால் போய்க் கையைத் தூக்கினார்.

ரிவர்ஸ் விழுந்தது. இருட்டு விலகி, தூணில் போன வாரம் ஒட்டிய நீலக் கீறல்வரை தெரிந்தது. தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, "வா" என்று சொல்ல வேலையே இல்லாமல் மூத்தார் நின்றார். வண்டி ஒரு சாண் இடம் விட்டுத் தூணைத் தாண்டி, இறக்கும் மேடையருகே அலுங்காமல் போய் நின்றது.

கடைக்காரர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "அடுத்த வாரம் ரெண்டு லோடு இருக்கு, வந்துடு" என்று கணவனிடம் சொல்லிவிட்டு மூத்தாரிடம் திரும்பினார். "லைட்டு பிரமாதம். நீங்கதானே போட்டீங்க?"

மூத்தாரின் கை தானாக மீசைக்குப் போனது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அவள் நிமிரவில்லை.

"நான் எங்க போட்டேன்? நான் தூண்ல இடிக்கத்தான் வெச்சேன்" என்றார். பிறகு அடித்தளமே அதிரக் கத்தினார். "மெஷின்காரம்மா! இங்க வாம்மா, உன்னப் பத்திதான் கேக்கறாரு!"

கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, கிரீஸ் கறை இன்னும் போகாத கையைக்கூடத் துடைக்காமல், அவள் நிமிர்ந்து நடந்து போனாள்.